பட்டிப்பூ: வெள்ளை அணுவிலிருந்து மூளைக் கட்டி வரை

கரைமணல் பூண்டுகள் – 11

சிலாபத்தைத் தாண்டிப் புத்தளம் நோக்கிப் போனால் முந்தலை நெருங்கும்போது மண் மணலாகிவிடுகிறது. ஒரு பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் களப்பு, களப்புக்கு அப்பால் கடல். இறால் பண்ணை வரப்பிலும் ரயில் பாதையோரத்திலும் சேமக்காலை மதிலடியிலும் யாரும் நடாமலே முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கிற செடி பட்டிப்பூ. ஆடு கடிக்காது, மாடு முகர்ந்துவிட்டு விலகிப் போகும். இலையின் கசப்பு அப்படி. தமிழ்நாட்டில் இதற்கு நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டுமல்லி என்றும் பெயர். சிங்களத்தில் மினிமல். கோயில் பூசைக்குப் பறிப்பவர்களும் உண்டு, பிணத்துப் பூ என்று வீட்டு வாசலில் வைக்க மறுப்பவர்களும் உண்டு.

சென்ற இதழ் அமுக்கிராவோடு நின்றது. அமுக்கிரா, மஞ்சள், கருஞ்சீரகம் என்று இந்தத் தொடரில் வந்த பல மூலிகைகளுக்கும் மூளைக் கட்டிக்கும் முடிச்சுப் போட்டு எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களோடு முடிந்துபோனவை. பட்டிப்பூ அப்படியல்ல. அதன் இலையிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் இன்று உலகெங்கும் மூளைக் கட்டி நோயாளிகளின் கையில் ஊசியாக ஏறுகிறது. ஆனால் அந்த ஊசி மூளைக்குள் போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு மட்டும் மருத்துவர்கள் இன்னும் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளாகப் பழகிய மருந்துக்கு இப்படி ஒரு நிலை என்பது விசித்திரம்தான்.

செடியின் தாய்நிலம் மடகஸ்கார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் விதை பாரிஸ் அரச தோட்டத்துக்குப் போனது, அங்கிருந்து லண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்கு. 1759இல் லின்னேயஸ் அதற்கு விங்கா ரோசியா என்று பெயர் வைத்தார். இப்போதைய தாவரவியல் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். கப்பல் போன வெப்பமண்டலக் கரைகளிலெல்லாம் செடியும் இறங்கியது, மணலும் வெயிலும் கண்ட இடத்தில் வேரூன்றியது. வந்த நாளை எந்த ஊரும் குறித்து வைக்கவில்லை. இரண்டு தலைமுறைக்குள் அது உள்ளூர்ச் செடியாகி, உள்ளூர் வைத்தியத்திலும் நுழைந்துவிட்டது.

அந்த வைத்தியம் பெரும்பாலும் ஒன்றேதான். ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் தென்னாபிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும், ஒருவருக்கொருவர் தெரியாத மக்கள் இதன் இலையை அவித்துச் சீனி வருத்தத்துக்குக் குடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இன்சுலின் கிடைக்காமல் போனபோது பிலிப்பைன்ஸில் இந்தக் கஷாயத்தை நம்பி இருந்தவர்கள் பற்றிய செய்தி அமெரிக்கா வரை போனது. புற்றுநோய்க்கு மருந்து என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. நாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தது, விஞ்ஞானம் பின்னால் வந்து திருடிக்கொண்டது என்று பட்டிப்பூவை உதாரணம் காட்டிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. மக்களின் அறிவு செடியைக் காட்டியது உண்மை. காட்டியது வேறு நோய்க்காக.

1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே இருபத்தைந்து பட்டிப்பூ இலைகள். இன்சுலின் இல்லாதபோது இங்கே இதைத்தான் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்பது செய்தி. உறை சரியான விலாசத்துக்குத்தான் வந்திருந்தது. 1921இல் டொரன்டோவில் பிரெடரிக் பாண்டிங் இன்சுலினைத் தேடத் தொடங்கியபோது அவருக்கு உதவியாக அனுப்பப்பட்ட இரண்டு மாணவர்களில் கிளார்க் நோபிளும் ஒருவர். யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள், சார்ல்ஸ் பெஸ்ட் வென்றார் என்று டொரன்டோவில் ஒரு கதை சொல்வார்கள். வேலை சூடு பிடித்ததும் பெஸ்டே அங்கு தொடர்ந்தார், பெயரும் அவருக்குப் போனது.

ஓய்வு பெற்றிருந்த கிளார்க், இலைகளைத் தம்பி ரொபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ரொபர்ட் அப்போது ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கொலிப்பின் ஆய்வுகூடத்தில் இருந்தார். கொலிப்பும் இன்சுலின் கதையின் ஆள்தான். பாண்டிங்கும் பெஸ்டும் எடுத்த கலங்கல் சாற்றை மனிதருக்கு ஏற்றும் அளவுக்குத் தூய்மையாக்கியவர் அவர். ஆக, சீனி வருத்தத்துக்கான இலை இன்சுலின்காரர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது.

எலிகளுக்குச் சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். சீனி அப்போதும் இறங்கவில்லை, எலிகள்தான் ஒரு வாரத்துக்குள் கிருமி தொற்றிச் செத்தன. சாதாரண ஆய்வுகூடமாக இருந்தால் நச்சுச் செடி என்று எழுதி மூடியிருக்கும். நோபிள் எலிகள் ஏன் செத்தன என்று பார்த்தார். இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன, எலும்பு மச்சை ஒடுங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இரத்தப் புற்றுநோய். அந்த அணுக்களைக் குறைக்கும் பொருள் இலைக்குள் இருக்கிறது என்றால் தேடும் நோயையே மாற்ற வேண்டியதுதான்.

1954இல் இங்கிலாந்திலிருந்து சார்ல்ஸ் பியர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். கிலோக் கணக்கான இலையிலிருந்து மில்லிகிராம் கணக்கில் ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். 1958 மார்ச்சில் நியூயோர்க்கில் நடந்த ஒரு கருத்தரங்கில் நோபிள் இதை அறிவித்தபோது, அதே செடியோடு மல்லாடிக்கொண்டிருந்த இன்னொரு குழுவும் அங்கே இருந்தது. இண்டியானாபொலிஸில் எலி லில்லி நிறுவனத்தின் கோர்டன் ஸ்வபோடா, பிலிப்பைன்ஸ் கதையைக் கேட்டுப் பட்டிப்பூவைத் தன் சோதனைப் பட்டியலில் சேர்த்திருந்தார். இரத்தப் புற்று வந்த சுண்டெலிகள் அவருடைய சாற்றில் நீண்ட நாள் பிழைத்தன. பிறகு அவர் குழு பிரித்தெடுத்த இன்னொரு ஆல்கலாய்டு வின்கிரிஸ்டின். 1963 ஜூலையில் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் குணமாகும் நோய்களின் வரிசைக்கு வந்ததில் இந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை காய்ந்த இலை வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவை ஏற்றும் உச்ச அளவு பொதுவாக 2 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஓர் ஊசிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ காய்ந்த இலை. இந்தப் பசிக்குத் தீனி போட்ட நிலங்களில் தென் தமிழ்நாட்டின் மானாவாரிக் காடுகளும் அடக்கம். புத்தளக் கரைக்கு எதிரே, மன்னார் வளைகுடாவின் மறுகரையில், மழையை நம்பிப் பட்டிப்பூ விதைத்து இலையும் வேரும் விற்ற விவசாயிகள் பலர். இலை புற்றுநோய் மருந்துக்காக அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் போனது. வேர் வேறு காரியத்துக்கு, அதில் இருக்கும் அஜ்மலிசின் என்ற பொருள் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான மருந்து.

இனி மருந்து என்ன செய்கிறது என்பது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும். இரண்டு முனைகளிலிருந்தும் நுண்குழாய்கள் என்ற மெல்லிய இழைகள் வந்து பற்றி ஆளுக்கொரு பாதியாக இழுக்கும். உடப்புக் கரையில் கரைவலையை இழுக்கக் கயிற்றின் இரண்டு பக்கமும் ஆள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வின்கிரிஸ்டின் செய்வது கயிறு திரிக்க விடாமல் தடுப்பது. இழை கட்டும் டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, இழை நீளாமல் ஆக்கிவிடும். குரோமோசோம்கள் நடுவிலேயே நின்றுபோக, அணு பிரிய முடியாமல் சாகும். வேகமாகப் பிரியும் அணுக்கள் முதலில் சாகும் என்பதால் புற்று அணுக்கள் அடிபடுகின்றன.

ஆனால் நுண்குழாய்கள் அணு பிரிவதற்கு மட்டும் உரியவை அல்ல. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்பிழைகளுக்குள் சரக்கு போய் வருவதும் அவற்றின் மேல்தான். அதனால்தான் இந்த மருந்து ஏறியவர்களுக்குக் கை கால் விறைக்கிறது, சட்டைப் பொத்தான் போட வராமல் போகிறது, மலம் இறுகுகிறது. சிலருக்குப் பாதம் தொங்கிவிடும். இரத்தநாளத்துக்குப் பதிலாக முதுகுத்தண்டு நீருக்குள் தவறிப்போய் ஏற்றினால் அநேகமாக மரணம்தான். உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்து உயிர்கள் போயிருக்கின்றன. 2007இல் உலக சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டினைச் சிறு ஊசிக்குழலில் தயாரிக்காமல் நீர்த்துச் சிறிய சேலைன் பையில் தயாரியுங்கள் என்று எச்சரிக்கை விட்டது. பையாக இருந்தால் யாரும் மறந்துபோய் முதுகில் குத்த மாட்டார்கள்.

மூளையைக் குளிப்பாட்டும் நீரில் பட்டால் கொல்லும் மருந்தை மூளைக் கட்டிக்கு எப்படிக் கொடுத்தார்கள்?

கொடுத்தது இரத்தத்தின் வழியாக, வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து. புரோகார்பசின், லோமஸ்டின், வின்கிரிஸ்டின் மூன்றும் சேர்ந்த கூட்டு முறைக்கு ஆங்கில முதலெழுத்துகளால் பிசிவி என்று பெயர். முதலிரண்டும் ஆய்வுகூடத்தில் கட்டிய இரசாயனங்கள், மூன்றாவதுதான் செடியிலிருந்து வந்தது. 1988இல் கிரிகரி கெயின்குரொஸ், டேவிட் மக்டொனால்ட் என்ற இரண்டு நரம்பியலாளர்கள், ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற மூளைக் கட்டி திரும்பி வந்த சில நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன என்று எழுதினார்கள். அதுவரை மூளைக் கட்டி என்றால் அறுவையும் கதிர்வீச்சும்தான், மருந்து கேட்காது என்பதே பொது நம்பிக்கை. இருவரும் வேலை செய்த ஊர் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன். நோபிளும் பியரும் இலையை வடித்த அதே பல்கலைக்கழகம்.

சில நோயாளிகள் என்பது போதாது. 1994இல் வட அமெரிக்காவில் 291 நோயாளிகளோடு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும், பாதிப் பேருக்கு பிசிவியும் கதிர்வீச்சும். 2006இல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. மருந்தின் தொல்லை மட்டும் மிச்சம் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் ஆய்வாளர்கள் கணக்குப் புத்தகத்தை மூடிவிடவில்லை, உயிரோடு இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2013இல் படம் மாறியது. கட்டியின் அணுக்களில் 1பி, 19கியூ என்ற இரண்டு குரோமோசோம் துண்டுகள் இழந்துபோயிருந்த நோயாளிகளில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டு, பிசிவியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டு. ஐரோப்பாவில் தனியாக நடந்த சோதனையும் அதே திசையில்தான் கைகாட்டியது. 2016இல் வெளியான இன்னொரு சோதனையில், மெதுவாக வளரும் கிளியோமா கட்டி உள்ளவர்களுக்கு 7.8 ஆண்டு 13.3 ஆண்டு ஆனது.

புற்றுநோய் மருத்துவத்தில் ஆயுள் இரட்டிப்பாவது அடிக்கடி நடக்கும் காரியமல்ல. அதிலும் மூளையில். ஏழு ஆண்டுகள் என்பது பாலர் வகுப்புப் பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடித்துவிடும் காலம். குழந்தைகளுக்கும் இந்த மருந்தின் தயவு உண்டு. பார்வை நரம்பை அழுத்தும் மெதுவான கட்டிகளுக்கு, வளரும் மூளையில் கதிர்வீச்சைத் தள்ளிப்போட, கார்போபிளாட்டினோடு வின்கிரிஸ்டின் கொடுப்பது 1990களில் ரோஜர் பாக்கர் போன்றவர்கள் நிலைநாட்டிய முறை. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கும் இது வெகுநாளாகக் கொடுக்கப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். மூளையின் நுண்ணிய இரத்தநாளங்களின் சுவர் உடம்பின் மற்ற நாளங்களைப் போன்றதல்ல. அணுக்கள் இடைவெளியின்றி ஒட்டி நின்று, தேவையானதை மட்டும் உள்ளே விடும். தப்பி நுழைவதையும் பிடித்து வெளியே தள்ளும் புரதங்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. வின்கிரிஸ்டின் பெரிய மூலக்கூறு, அந்தப் புரதங்களுக்கு நன்கு அறிமுகமான விருந்தாளி. விலங்குகளில் அளந்தபோது மூளைக்குள் போனது மிகச் சொற்பம். கட்டி உள்ள இடத்தில் சுவர் சிதைந்திருப்பதால் அங்கே கொஞ்சம் கசியலாம் என்பது ஒரு தரப்பு. பிசிவியின் வேலையெல்லாம் லோமஸ்டினும் புரோகார்பசினும் செய்வது, நோயாளி சும்மா கை கால் விறைத்துத் துன்பப்படுகிறார், வின்கிரிஸ்டினை விட்டுவிடலாம் என்பது இன்னொரு தரப்பு. இன்று சில வைத்தியசாலைகளில் விட்டும் கொடுக்கிறார்கள். ஆயுளை இரட்டிப்பாக்கிய சோதனைகளில் மூன்றும் சேர்ந்துதான் இருந்தன, எதைக் கழற்றினால் என்ன ஆகும் என்று யார் பொறுப்பெடுப்பது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பிந்தியவர்களின் தயக்கம் நியாயமானதாகவே படுகிறது.

மூளைக் கட்டிகளில் மிகக் கொடியதும், பெரியவர்களிடம் புற்றுத் தன்மையோடு வருபவற்றில் அதிகம் காணப்படுவதும் கிளியோபிளாஸ்டோமா. அதன் முன் பட்டிப்பூ பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. 2005இல் அங்கே கதவைக் கொஞ்சம் திறந்தது டெமோசோலமைட் என்ற மாத்திரை. அது செடியிலிருந்து வந்ததல்ல. அதுகூட இடைநிலை ஆயுளை 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதத்துக்குத்தான் நகர்த்தியது. இந்த இரண்டரை மாதத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மஞ்சள், கருஞ்சீரகம், சாம்பிராணி பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் படிக்க வேண்டும்.

மஞ்சளின் குர்குமின் தட்டில் வளர்த்த கிளியோபிளாஸ்டோமா அணுக்களைக் கொல்கிறது. இது பலமுறை கண்டது. ஜெர்மனியின் பிராங்பர்ட்டில், அறுவைக்கு முன் 13 நோயாளிகளுக்கு எளிதில் உறிஞ்சப்படும் வகையில் தயாரித்த குர்குமினைக் கொடுத்து, பிறகு வெட்டியெடுத்த கட்டியை அளந்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவு: கட்டிக்குள் குர்குமின் இருந்தது, ஆனால் தட்டில் கொன்ற அளவுக்குக் கிட்டவே வராத சொற்ப அளவில். குந்திரிக்கப் பிசினின் கதை இதைவிடச் சுவையானது. பிரைபர்க்கில் கதிர்வீச்சுப் பெறும் 44 மூளைக் கட்டி நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்தப் பிசினின் சாற்றுக் குளிசையை நாளொன்றுக்கு 4,200 மில்லிகிராம் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெறும் குளிசை. மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் வற்றியவர்கள் ஒரு பக்கம் 60 வீதம், மறுபக்கம் 26 வீதம். 2011இல் வெளியான இந்தச் சோதனை கட்டியைக் கரைத்ததாகச் சொல்லவில்லை, சொன்னது வீக்கத்தைப் பற்றி மட்டும். வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டெரொயிட் முகத்தை ஊதவைத்துச் சீனியையும் ஏற்றிவிடும் என்பதால் அதுவே பெரிய உதவி. கோயிலிலும் தேவாலயத்திலும் புகைக்கும் சாம்பிராணியை மூக்கில் இழுத்தால் இது கிடைக்காது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இலங்கையிலும் மூலிகையை அளவுகோலோடு அணுகியவர்கள் உண்டு. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை மூன்றும் சேர்ந்த உள்ளூர்க் கஷாயம் ஒன்றைப் பேராசிரியர் ஐரா தப்ரூவும் அவரோடு இருந்தவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஈரல் புற்றுநோய் தூண்டப்பட்ட எலிகளில் அது பாதுகாப்புத் தந்தது. ஆனால் அது ஈரலின் கதை. மூளைக்கு முன் நிற்கும் சுவர் ஈரலுக்கு இல்லை.

முந்தலில் ஒருவருக்கு விடாத தலையிடியும் வாந்தியும் வந்து, புத்தளத்திலோ சிலாபத்திலோ படம் எடுத்துக் கட்டி என்று தெரிந்தால், அறுவைக்குக் கொழும்பு, அதற்குப் பின் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தபோது, வாசலில் நிற்கிற பட்டிப்பூவை அவித்துக் குடித்தால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரலாம். வரக்கூடாது. இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, வின்கிரிஸ்டின் அவற்றில் கிலோவுக்கு ஓரிரு மில்லிகிராம். அதுவும் குடலில் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. மிச்சம் உடம்பில் சேர்வது நஞ்சு.

டன் கணக்கில் இலை தேவைப்படும் சங்கடத்துக்கு இப்போது ஒரு மாற்று வந்திருக்கிறது. வின்பிளாஸ்டினைச் செடி தனக்குள் எப்படிக் கட்டுகிறது என்ற சங்கிலியின் விடுபட்ட கண்ணிகளை 2018இல் இங்கிலாந்தின் நொரிச் நகரில் சாரா ஓ'கொனர் குழு கண்டுபிடித்தது. 2022இல் கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழு, முப்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளை ஈஸ்ட் அணுவுக்குள் புகுத்தி, மருந்தின் இரண்டு பாதிகளையும் ஈஸ்டையே செய்ய வைத்து, பிறகு அவற்றை இரசாயன முறையில் பொருத்தியது. தொழிற்சாலை அளவுக்கு அது வளர்ந்தால் மானாவாரிக் காட்டில் இலை பறிக்கும் கூலி வேலை என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

மூளைக் கட்டிக்குப் பயன்படும் செடிச்சரக்கு பட்டிப்பூவோடு முடிவதில்லை. கிளியோபிளாஸ்டோமா திரும்பி வந்தவர்களுக்கு பெவசிசுமாப் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இரினோடெக்கான், காம்ப்டொதெசின் என்ற ஆல்கலாய்டின் வாரிசு. அந்த ஆல்கலாய்டை 1966இல் அமெரிக்காவில் மன்றோ வோலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் ஒரு சீன மரத்தில் கண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியின் முதல்வராக இருந்து பம்பாய் சீபா ஆய்வு நிலையத்துக்குப் போன டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் அதே பொருளை மேற்குத் தொடர்ச்சி மலையின் நாற்றமடிக்கும் ஒரு சிறு மரத்தில், சீன மரத்தைவிட அதிக அளவில் கண்டார்கள். இலங்கைக் காடுகளிலும் வளரும் மரம் அது. அதற்குப் பிறகு மரத்துக்கு நேர்ந்த கதி அடுத்த இதழில்.